மதுரை – சிங்கப்பூர்: பதினெட்டு முழம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் போக ஆறரை மணி நேரம் ஆகும், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் போதும் என்று பதினோரு நாள் முழுசாக நம்பியவன் நான். நம்பியதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் விளக்கிக்கொண்டு திரிந்தேன்.

இதைவிட மோசமான விஷயம், நான் கணக்கு வாத்தியார். திண்டுக்கல்லில் முப்பத்தோரு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் காலமும் தூரமும் நடத்தி ஓய்வு பெற்றவன். 'மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு பாலத்தைக் கடக்க' என்று நான் ஆரம்பித்தால், ரயில் பாலத்தை முழுசாகத் தாண்டுவதற்குள் பாதி வகுப்பு தூங்கியிருக்கும். மீதிப் பாதிக்கு விடை தெரிந்திருக்கும். எனக்கும் விடை தெரியும். ரயில் என்றால் தெரியும்.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். மற்றப் பெண்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் நின்றுபோகிற குமட்டல் இவளுக்கு நிற்கவேயில்லை. தாளிக்கிற வாசம் ஆகாது, சோறு கொதிக்கிற வாசம் ஆகாது, மாப்பிள்ளை போடுகிற சோப்பு ஆகாது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வளைகாப்பை அங்கேயே வைப்பது என்று முடிவாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். என்ன கொண்டு வரட்டும் என்று அவள் அம்மா வரிசையாகக் கேட்டதற்கு முறுக்கு வேண்டாம், பொடி வேண்டாம், சேலை வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடைசியில் சொன்னாள்:

"நெலக்கோட்டை மல்லி மட்டும் கொண்டாம்மா. தலை நெறைய வச்சுக்கணும். அந்த வாசம் மூக்குல ஏறுச்சுன்னா ஒரு கை சோறு எறங்கும்போல இருக்கு."

போனை வைத்த பிறகு என் மனைவி அடுப்படிக்குள் போனவள் சற்று நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூ போகணும். விரிஞ்ச பூவா அவ தலையில இருக்கணும். மத்ததெல்லாம் போனாப் போகுது, போகாட்டிப் போகுது" என்றாள். அந்த 'மத்ததெல்லாம்' என்பதில் நானும் அடக்கம் என்று புரிந்தது.

டிக்கெட்டை மாப்பிள்ளையே போடுவதாகச் சொன்னார். எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போய் நானே போட்டேன். போட்டு, அச்செடுத்து, மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து, சிவப்பு மையால் கோடு போட்டேன். ஓய்வு பெற்றும் அந்தச் சிவப்புப் பேனா என்னை விடவில்லை. மதுரையில் புறப்பாடு காலை பத்தரை. சிங்கப்பூரில் வருகை மாலை ஐந்து. திரும்புகாலில் சிங்கப்பூரில் புறப்பாடு காலை எட்டு. மதுரையில் வருகை ஒன்பதரை.

கழித்தேன். ஆறரை. ஒன்றரை.

தூரம் எவ்வளவு என்று போனில் பார்த்தேன். சுமார் மூவாயிரம் கிலோமீட்டர். வகுத்தேன். போகும்போது வேகம் மணிக்கு நானூற்று அறுபது, வரும்போது இரண்டாயிரம். இரண்டாயிரம் என்றால் ஒலியைவிட வேகம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாணவன் அப்படி விடை எழுதியிருந்தால் பேப்பரைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே ஆட்டியிருப்பேன். என் விடை என்பதால் வியந்தேன்.

சிங்கப்பூரில் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பது தெரியாதா என்றால், தெரியும். மகள் அங்கே போய் நாலு வருடம் ஆகிறது. அவள் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுகிற நேரம்தான் இங்கே நாங்கள் சாயங்கால விளக்குப் போடுகிற நேரம். ஆனால் டிக்கெட் வாங்கியது திண்டுக்கல்லில். கொடுத்தது இந்திய ரூபாய். அதில் அச்சடித்த நேரம் மட்டும் சிங்கப்பூர் நேரமாக எப்படி இருக்கும்? நம் ஊர் பஸ் டிக்கெட்டில் கேரளா நேரமா போடுகிறான்? இப்படித்தான் ஓடியது என் மூளை. அது என்றைக்கும் வேகமாகத்தான் ஓடும். எந்தப் பக்கம் என்பதில்தான் தகராறு.

காரணத்தையும் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் கண்டுபிடித்துவிட்டேன். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. நாம் மேலே ஏறிப் பறக்கப் பறக்கச் சிங்கப்பூர் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், துரத்திப் பிடிக்க ஆறரை மணி நேரம். திரும்பி வரும்போது மதுரை நம்மை நோக்கி ஓடி வரும், ஒன்றரை மணி நேரத்தில் காலடிக்கு வந்துவிடும். வத்தலக்குண்டு பஸ்ஸைப் பின்னாலிருந்து விரட்டுவதற்கும், அது நம்மைப் பார்த்து வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

"அப்ப மேல குதிச்சா, கீழ எறங்கும்போது பக்கத்து வீட்டுல எறங்குவோமா?" என்று மனைவி கேட்டாள்.

"அடுப்பைப் பாரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றபோது ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் கேட்பதில்லை. சேவுகம்பட்டி எம்புட்டுத் தூரம் என்றால், 'பஸ் கெடைச்சா ஒரு மணி நேரம்' என்று பதில் வரும். பஸ் கிடைக்காவிட்டால் எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சிங்கப்பூர் போக ஆறரை, வர ஒன்றரை என்று நான் சொன்னதும் நல்ல வரவேற்பு இருந்தது. குடையை உருண்டையாகச் சுற்றிப் பூமியைக் காட்டினேன். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இப்படி ஒரு வகுப்பு அமைந்ததேயில்லை, ஒருவர்கூடத் தூங்கவில்லை.

சித்தையன்கோட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார். "அப்ப சார், வர்றப்ப அம்புட்டுச் சீக்கிரம் வந்துருதுன்னா, டிக்கெட்டும் கம்மியாத்தான இருக்கணும்?"

நியாயமான கேள்வி. இரண்டு டிக்கெட்டும் ஏறக்குறைய ஒரே விலை. "அது வந்து, வேகமா வர்றதால பிரேக்கு தேய்மானம் ஜாஸ்தி" என்றேன். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

பதினோராம் நாள் வீடியோ காலில் என் மனைவி மாப்பிள்ளையிடம் தற்செயலாகச் சொல்லிவிட்டாள். "பூ ஆறரை மணி நேரம் தாங்கணுமே மாப்ள, அதான் யோசனையா இருக்கு."

மாப்பிள்ளை பணிவானவர். சிரிப்பு வந்தால் தண்ணீர் குடிக்கிற வழக்கம் உள்ளவர். ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மாமா, டிக்கெட்ல எறங்குற நேரம் எப்பவும் எறங்குற ஊரு நேரம். போக நாலு மணி நேரம். வரவும் நாலுதான்."

பின்னாலிருந்து மகள் குரல் மட்டும் வந்தது. "அப்பா, கோவில்ல யார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"சேச்சே" என்றேன். அடுத்த ஞாயிறு விடிகாலை முதல் பூசைக்கே போய்விட்டேன். என் வகுப்பெல்லாம் இரண்டாம் பூசைக்கு வருகிற கூட்டம்.

அடிபட்ட கணக்கு வாத்தியார் சும்மா இருப்பானா? இரண்டரை மணி நேரத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். காலண்டரின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு அட்டவணை எழுதினேன். இடப்பக்கம் திண்டுக்கல், வலப்பக்கம் சிங்கப்பூர். பிரஷர் மாத்திரை இங்கே எட்டு மணிக்கு, அங்கே பத்தரை. மாலை ஜெபம் இங்கே ஏழு, அங்கே ஒன்பதரை. எனக்கு இயற்கை அழைப்பு வருகிற நேரத்தைக்கூட மாற்றி எழுதியிருந்தேன். மனைவி அதைப் படித்துவிட்டு, "இது அட்டவணையப் பாத்துட்டா வரும்?" என்று கேட்டாள். கிளம்புகிற அன்று வலது கையில் ஒரு கடிகாரம், இடது கையில் ஒரு கடிகாரம். இனி என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பூவை மறந்துவிட்டேன். கொண்டுபோக மறக்கவில்லை, அட்டவணையில் சேர்க்க மறந்தேன்.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் நிலக்கோட்டை. அவள் தம்பி அங்கே பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். விடியும் முன்பே காரில் அங்கே போய்ப் பூவை வாங்கிக்கொண்டு, அப்படியே மதுரை விமான நிலையம் என்று ஏற்பாடு. நாங்கள் போய் இறங்கியபோது மார்க்கெட் முழு மூச்சில் இருந்தது. சாக்குச் சாக்காக அரும்பு வந்து இறங்குகிறது, ஒரு பக்கம் ஏலச் சத்தம், ஒரு பக்கம் வேன்காரர்கள் ஹாரன். மச்சினன் எங்களைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"வாங்க மச்சான். என்ன, ரெண்டு கையிலயும் வாட்சு? ஒன்னு விக்கிறதுக்கா?"

"உனக்குப் புரியாது மாப்ள. பூவ எடு."

அரும்பைக் கையில் அள்ளி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். பூக்காரர்கள் அரும்பைப் பார்க்கிற பார்வை டாக்டர் நாக்கைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இளசு, முத்தல் பார்த்தே எது எத்தனை மணிக்கு விரியும் என்று சொல்லிவிடுவார்கள். விடியும் முன் பறிக்கிற அரும்பு பெட்டிக்குள் இருந்தாலும் சாக்குக்குள் இருந்தாலும் தன் நேரத்துக்குத் தானாக விரியும்.

"எத்தனை மணிக்கு மச்சான் தலையில வைக்கணும்?"

"ஏழு மணிக்கு" என்றேன்.

"நல்லதாப் போச்சு. இது ஏழுக்கு டான்னு விரியும். நாலு, நாலரைக்கே வேணும்னா முத்துன அரும்பாத் தனியாப் பொறுக்கணும், அதுக்குச் செத்த நேரம் ஆகும்."

என் மனைவி பக்கத்திலிருந்து, "ஏங்க, அங்க ஏழுன்னா இங்க..." என்று ஆரம்பித்தாள்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "பூவுக்கு எதுக்குடி மணிக்கணக்கு? பொழுது சாயறதப் பாத்துத்தான பூ விரியுது. அங்கயும் ஏழு மணிக்குத்தான் பொழுது சாயும். சூரியன் எங்க போனாலும் சூரியன்தான். நேர வித்தியாசம்லாம் மனுசனுக்குத்தான்."

கடைசி வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. மச்சினன் வேறு ஒரு சாக்குக்கு விலை சொல்லத் திரும்பிவிட்டதால் அதை முழுசாகக் கேட்கவில்லை. ஒரு கிலோ அரும்பை ஈரத் துணியில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள், நேரமாகிவிட்டது என்று காரில் ஏறினாள்.

விமானத்தில் அவளுக்கு ஜன்னல் சீட். விமானம் மேலே ஏறி நிமிர்ந்ததும் பெட்டியைத் திறந்து மடியில் துணியை விரித்தாள். பையிலிருந்து நூற்கண்டை எடுத்தாள். ஒரு முனையை முன் சீட்டின் மேஜைத் தாழ்ப்பாளில் கட்டிக்கொண்டு, இரண்டு இரண்டு அரும்பாக வைத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். வங்காள விரிகுடாவுக்கு மேலே, மேகத்துக்கும் மேலே, அவள் விரல் அதுபாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பணிப்பெண் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தமிழில், "அம்மா, எனக்கு ஒரு துண்டு கெடைக்குமா?" என்றாள். முனையில் ஒரு சாண் நறுக்கிக் கொடுத்தாள் என் மனைவி. அதன் பிறகு எங்களுக்கு ஜூஸ் இரண்டு தடவை வந்தது.

நான் இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, வேகம் என்ன, இன்னும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று சத்தமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். கோடியில் உட்கார்ந்திருந்த ஒருவர் காதில் பஞ்சு மாதிரி எதையோ வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு தடவை மனைவியிடம், "இன்னும் எவ்வளவு தூரம் இருக்குன்னு நெனைக்கிற?" என்று பரீட்சை வைத்தேன்.

மடியில் சுருட்டியிருந்த சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீட்டி நீட்டி அளந்தாள். "பன்னெண்டு ஆச்சு. இன்னும் ஆறு முழம் இருக்கும்" என்றாள்.

நான் சிரித்தேன். ஆனால் அவள் பதினெட்டாவது முழத்துக்கு முடிச்சுப் போட்டு நூலை அறுத்த சமயம் சக்கரம் தரையைத் தொட்டது. இத்தனை வருடம் காலமும் தூரமும் நடத்தியிருக்கிறேன், என் கணக்கு ஒன்றுகூட இவ்வளவு சுத்தமாகத் தரையிறங்கியதில்லை.

விமான நிலையத்தில் வரிசை, பெட்டி, மாப்பிள்ளை, கார் எல்லாம் கடந்து மகள் வீட்டுக்கு வந்து சேரும்போது ஆறே முக்கால். பதினோராம் மாடி. வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வைத்திருந்த ஜோக் மறந்துபோயிற்று. வயிறு மட்டும் பெரிதாக, மற்றபடி பாதியாக இருந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்தபடியே, "பூ எங்கம்மா?" என்றாள்.

ஏழு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அலுவலகத் தோழர்கள், பக்கத்து வீட்டுச் சீன அம்மாள், திருச்சியிலிருந்து ஒரு வாரம் முன்பே வந்துவிட்ட சம்பந்தியம்மா. மகளை நாற்காலியில் உட்காரவைத்து என் மனைவி பதினெட்டு முழத்தில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதி முழுவதையும் மடித்து மடித்துப் பின்னல் மறைகிற அளவுக்கு வைத்தாள். பார்க்கப் பார்வையாகத்தான் இருந்தது, வெள்ளை வெளேர் என்று. ஆனால் ஒரு அரும்புகூட வாய் திறக்கவில்லை. எல்லாம் அரிசியைக் கோத்த மாதிரி இறுக்கமாக இருந்தன.

மகள் ஒரு சரத்தை முன்னால் இழுத்து மூக்கருகில் வைத்தாள். மோந்தாள். இன்னொரு தடவை மோந்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தாள்.

சீன அம்மாள் அருகில் வந்து ஒரு அரும்பை விரலால் தட்டிப் பார்த்து, பிளாஸ்டிக்கா என்று கேட்டார். சம்பந்தியம்மா, "வாசமே காணோமே சம்பந்தி? அவ்வளவு தூரத்துலருந்து தூக்கிட்டு வந்தீங்க, பாவம்" என்றார். பாவம் என்ற சொல்லை அவர் மிக நிதானமாகச் சொன்னார். என் மனைவி வளையல் தட்டுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் வேகத்தைக் கணக்கிட என்னிடம் சூத்திரம் இல்லை.

ஏதாவது செய்தாக வேண்டும். மிச்சம் இருந்த ஒரு முழத் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வாயால் ஊதிப் பார்த்தேன். வெந்நீரைத் திறந்து ஆவியில் காட்டினேன். அலமாரியில் மகள் முடி உலர்த்துகிற மிஷின் இருந்தது. அதை எடுத்துச் சூடு முழுசாக வைத்து அரும்பின் மீது பிடித்தேன். இரண்டு நிமிடத்தில் அரும்பு நிறம் மாறிற்று. வறுத்த பூண்டு நிறம். வாசமும் வந்தது, மல்லிகை வாசமில்லை.

கதவு தட்டப்பட்டது. "மாமா, உள்ள ஏதாவது கருகுதா?" என்றார் மாப்பிள்ளை.

"இல்ல மாப்ள, முகம் கழுவுறேன்."

"ஹேர் டிரையர் சத்தம் கேக்குதே?"

"தொடைச்சுக்கிறேன்" என்றேன். எனக்கு வழுக்கை விழுந்து பதினைந்து வருடம். வெளியே தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மச்சினனுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே கத்தினேன். "ஏலே, என்ன பூவடா குடுத்த? ஒன்னுகூட விரியல. ஏழு மணிக்கு டான்னு விரியும்னு சொன்ன? இங்க ஏழரை ஆச்சு. மானம் போகுது!"

அந்தப் பக்கம் டீ உறிஞ்சுகிற சத்தம். "எங்க மச்சான் ஏழரை? நான் இப்பத்தான் கடைய எடுத்து வச்சுட்டு டீக் குடிச்சுட்டு இருக்கேன். மணி அஞ்சு. வெயிலு இன்னும் மண்டையப் பொளக்குது."

என் வலது கை ஏழரை காட்டியது. இடது கை ஐந்து காட்டியது. இரண்டும் சரியான நேரம். இரண்டையும் காலையிலிருந்து கட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

"அது நம்ம ஊரு மண்ணுல வளர்ந்தது மச்சான். அதுக்கு ஏழுன்னா இங்கத்து ஏழுதான். அங்கத்து நேரத்துக்கு வேணும்னா நாலரைன்னுல்ல சொல்லியிருக்கணும்? நான்தான் கேட்டேனே" என்றான் அவன். "அக்கா ஏதோ சொல்ல வந்துச்சே, அதுக்குள்ள நீங்க சூரியன் கீரியன்னு..."

போனை அணைத்தேன். கருகிய முழத்தைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து ஓரமாக ஒதுக்கினாள். பிறகு யாரும் பார்க்காதபோது தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். நான் பார்த்தேன். அதுவரை இது பெரிய வேடிக்கையாகத்தான் எனக்கு இருந்தது. குளியலறையில்கூட உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்று. தட்டைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எட்டரைக்கு விருந்தாளிகள் கிளம்பினார்கள். சம்பந்தியம்மா களைப்பாக இருக்கிறது என்று அறைக்குள் போனார். என் மனைவி பாத்திரம் கழுவினாள். வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று மச்சினன் சொன்னதைச் சொன்னேன். பாதியை மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவள் குழாயை மூடினாள்.

"அப்ப ஒம்பதரைக்கு விரியும்" என்றாள். இரண்டு பத்தி அட்டவணை எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

கூடத்தில் மகள் சோபாவில் சாய்ந்து பூவை எடுத்துவிடலாமா என்று பின்னலில் கை வைத்தாள். "எடுக்காத. இன்னும் செத்த நேரம் வச்சிரு" என்று ஈரக் கையோடு ஓடிவந்தாள் அவள் அம்மா. ஏன் என்று சொல்லவில்லை. சொல்லிப் பலிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இருந்திருக்கும். மாப்பிள்ளையிடம் ஏசியை அணைக்கச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து மகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றாள் மகள்.

ஒன்பது இருபதுக்குக் காதுக்குப் பின்னாலிருந்த ஒரு அரும்பு முனையில் பிளந்தது. அப்புறம் அதற்குக் கீழே இன்னொன்று. ஒன்பதரை தாண்டியதும் எண்ண முடியவில்லை. கணக்கு வாத்தியார் சொல்கிறேன், எண்ண முடியவில்லை. வாசம் முதலில் மெல்ல வந்தது, பிறகு கூடத்தை அடைத்துக்கொண்டது. சம்பந்தியம்மா அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

மகள் பின்னலை முன்னால் இழுத்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள். தோள் ஏறி இறங்கிற்று. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "அம்மா, ரசம் இருக்கா?" என்றாள்.

என் மனைவி சோறும் ரசமும் பிசைந்து கொண்டுவந்தாள். ஒரு வாய் இறங்கியது. இரண்டாவது வாய். மாப்பிள்ளை தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். மூன்றாவது வாய்க்கு அவளே தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது. எழுந்து நடுக் கூடத்தில் நின்றேன். "பாத்தியாம்மா, இதுல ஒரு கணக்கு இருக்கு. மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் இந்த அரும்பு நம்ம ஊரு மணியவே வச்சிருக்கு பாரு. பூமி இப்படிச் சுத்துதுன்னு வை..." என்று இரண்டு கையையும் உருண்டையாக்கிச் சுற்ற ஆரம்பித்தேன்.

வாயில் சோற்றோடு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மகள் சொன்னாள்:

"செத்த நேரம் பேசாம இருங்கப்பா."